துணை நிற்பதும் ஓர் அமானிதம்



நம் மஹல்லாவில் ஒரு மவ்த் என்றால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒருவர் கபர் வெட்ட ஆள் சொல்லப் போவார். ஒருவர் சந்தூக் எடுத்து வருவார். பக்கத்து வீட்டு அடுப்பில் மய்யித்து வீட்டாருக்குச் சாப்பாடு தயாராகும். ஜனாஸா தொழுகைக்கு, அவரை முன்பின் தெரியாதவரும் வரிசையில் நிற்பார். இது நம் சமுதாயத்துக்கு அல்லாஹ் தந்த பெரிய அருள்.

அதே வீட்டில் ஒரு குற்றம் நடந்தால் என்ன செய்கிறோம்? பைக்கில் வந்தவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். செல்போனில் வந்த ஒரே அழைப்பில் வங்கிக் கணக்கு காலியாகிவிட்டது. கணவன் அடித்ததில் மனைவியின் முகம் வீங்கியிருக்கிறது. நேற்று வரை ஓடியாடிய பிள்ளை இன்று ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போகவே பயப்படுகிறது. அப்போது அந்த வீட்டுக்குச் சாப்பாடு போவதில்லை, கேள்விகள் போகின்றன. “அந்த நேரத்துல நீ ஏன் அங்கே போனே?”, “ஓடிபியை யாராவது சொல்வாங்களா?”, “போலீஸ் கோர்ட்டுன்னு அலைஞ்சா குடும்ப மானம் என்ன ஆகும்?” களவு கொடுத்தவரும் அடி வாங்கியவரும் வெட்கப்பட்டு வாசலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

அந்தச் சாத்திய கதவைத் தட்டி, “நாங்க கூட வர்றோம், கவலைப்படாதீங்க” என்று சொல்வது எப்படி என்பதே இந்த மாதப் பாடம். காவல்துறையோடு ஒத்துழைத்து, பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கும் தொண்டு இது. இதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதோடு, எப்படிச் செய்தால் பாவமாகிவிடும் என்பதையும் சேர்த்தே படிப்போம்.

மக்காவில் நடந்த ஓர் உடன்படிக்கை

நபித்துவத்துக்கு முன்பு, நம் நபி (ஸல்) அவர்களுக்கு ஏறக்குறைய இருபது வயது இருக்கும்போது நடந்தது இது. யமன் தேசத்தைச் சேர்ந்த ஒரு வியாபாரி மக்காவுக்குச் சரக்கு கொண்டு வந்தார். குறைஷித் தலைவர்களில் ஒருவரான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டார், பணத்தைக் கொடுக்கவில்லை. வியாபாரி ஊர்ப் பெரியவர்கள் பலரிடம் போய் முறையிட்டார். ஆஸின் செல்வாக்கை நினைத்து அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் அவர் அபூ குபைஸ் மலை மேல் ஏறி, கஅபாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படி தனக்கு நடந்த அநீதியை உரக்கச் சொன்னார்.

அந்தக் குரலுக்கு முதலில் எழுந்தவர் நபியவர்களின் பெரிய தந்தை சுபைர் இப்னு அப்துல் முத்தலிப். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் சில குலத்தார் கூடினார்கள். மக்காவில் அநீதிக்கு ஆளானவர் உள்ளூர்க்காரரானாலும் வெளியூர்க்காரரானாலும், அவருடைய உரிமை திரும்பக் கிடைக்கும் வரை ஒரே கையாக நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். பிறகு ஆஸிடம் சென்று, சரக்கை வாங்கி உரியவரிடமே ஒப்படைத்தார்கள். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல்.

அந்தக் கூட்டத்தில் நபி (ஸல்) அவர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்து, விலையுயர்ந்த செந்நிற ஒட்டகங்களை விடவும் அது தமக்கு விருப்பமானது என்றும், இஸ்லாம் வந்த பிறகும் அப்படி ஓர் அழைப்பு வந்தால் ஏற்பேன் என்றும் கருத்துப்படச் சொன்னார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, பாதிக்கப்பட்டவர் அந்த ஊர்க்காரரும் அல்ல, அவர்கள் குலத்தவரும் அல்ல. ஆகவே நம் துணையும் நம் ஜமாஅத்தாருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. வேடசந்தூர் மில்லுக்கு வேனில் போகும் சகோதரி எந்த மதத்தவரானாலும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பணத்தைப் பறிகொடுத்த விவசாயி எந்தச் சாதியானாலும், நம் கடமை ஒன்றுதான். இரண்டாவது, அவர்கள் தனித்தனியாகப் போகவில்லை, கூட்டாகப் போனார்கள். மூன்றாவது, கிடைத்தது முழுவதும் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. துணை நின்றவர்கள் அதில் பெயரோ பங்கோ எடுத்துக்கொள்ளவில்லை.

நம் மாநிலம் கற்ற பாடம்

தமிழ்நாட்டில் பொதுமக்கள் காவல்துறையோடு சேர்ந்து பணியாற்றிய பெரிய முயற்சி ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’. 1993இல் ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் இதைத் தொடங்கினார். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் காயமடைந்தவர் அவர். மக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைப்பதே நோக்கம். முயற்சி மாநிலம் முழுவதும் பரவியது. திருவிழாக் கூட்டத்திலும், போக்குவரத்திலும், இரவு ரோந்திலும் இளைஞர்கள் போலீசாரோடு நின்றார்கள். நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள் ஏராளம்.

பிறகு 2020 வந்தது. ஊரடங்குக் காலத்தில், ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சில நாட்களில், சிறைக்காவலில் இருந்த நிலையில், ஒருவர் பின் ஒருவராக இருவரும் இறந்துபோனார்கள். நாடே கொந்தளித்தது. அந்த நிலையத்தில் நடந்ததில் தன்னார்வலர்களுக்கும் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தங்களுக்குத் தொடர்பில்லை என்று இயக்கத்தார் மறுத்தார்கள். அடுத்த மாதமே, ஜூலையில், தமிழக அரசு அந்த இயக்கத்துக்குத் தடை விதித்தது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் பாடம் தெளிவானது. தொண்டர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதிகாரத்தின் பக்கத்தில் நின்று பழகியவருக்கு, நாளடைவில் லத்தியும் தன்னுடையது போலத் தோன்றிவிடும். அழுதுகொண்டிருப்பவரின் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த ஆபத்து குறைவு.

இங்கிலாந்தில் 1974இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கிய ‘விக்டிம் சப்போர்ட்’ என்னும் அமைப்பு இந்த இரண்டாவது இடத்தையே தேர்ந்தெடுத்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் பற்றிக் காவல்துறை தகவல் தரும். தொண்டர் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, பேசுவதைக் கேட்பார், தேவையானதைச் செய்து கொடுப்பார். அவர் துப்பறிவதில்லை. இன்று அந்நாடு முழுவதும் அந்த அமைப்பு இயங்குகிறது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டப்படியான வழி இருக்கிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009இல் ‘சட்டம் சார்ந்த தன்னார்வலர்’ திட்டத்தைக் கொண்டு வந்தது. மாவட்ட நீதிமன்றத்தோடு இணைந்த மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை தருகிறது. வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும், கல்லூரி மாணவியும், குடும்பத் தலைவியும் விண்ணப்பிக்கலாம்.

துணை நிற்பவர் செய்ய வேண்டியவை

ஒன்று: முதலில் கேட்பது. முதல் அரை மணி நேரம் அறிவுரை வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், உட்கார வையுங்கள், அவர் சொல்வதைச் சொல்ல விடுங்கள். “உங்க மேல தப்பில்லை” என்ற ஒரு வார்த்தை அப்போது பெரிய மருந்து. காயம் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் எப்படிக் காயம் பட்டது என்பதைச் சொல்லி ஏ.ஆர். பதிவு போடச் சொல்ல வேண்டும். “கீழே விழுந்துட்டேன்” என்று மறைத்துச் சொன்னால் பின்னால் வழக்கே நிற்காமல் போகலாம். பாலியல் வன்முறைக்கோ ஆசிட் வீச்சுக்கோ ஆளானவருக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுமே உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

இரண்டு: நேரத்தைத் தவறவிடாதது. செல்போன் மோசடியில் பணம் போனால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் போகும் தகவல் வங்கிகளுக்குச் சென்று, மோசடிக்காரன் எடுப்பதற்குள் பணத்தை முடக்க வழி செய்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். மகன் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணட்டும், மச்சானைக் கேட்டுச் சொல்கிறோம் என்று காத்திருந்தால் பணம் கைக்கு எட்டாது.

மூன்று: காவல் நிலையத்துக்குக் கூடப் போவது. நம்மில் பலருக்கு அந்தப் படி ஏறவே தயக்கம். கூட ஒருவர் இருந்தால் பாதி பயம் போய்விடும். புகாரை அவர் சொல்கிறபடியே எழுத உதவுங்கள். நடந்த நாள், நேரம், இடம், பார்த்தவர்கள், போன பொருள் ஆகியவை இருக்கட்டும். நடக்காத ஒன்றைக் கூட்டி எழுதுவது பொய்ச்சாட்சி, அதை ஒருபோதும் செய்யக் கூடாது. மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அந்த ரசீதே எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது என்பதையும் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டும். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் வேறு நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்து மூலம் அனுப்பலாம், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்டை அணுகலாம். இதையெல்லாம் நிலையத்தில் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியதில்லை. மரியாதையாக, ஆனால் பின்வாங்காமல் கேட்டால் போதும். நல்ல அதிகாரிகளுக்கு, விவரமாக எழுதிக் கொண்டுவருபவரால் வேலை எளிதாகிறது.

நான்கு: பெண்ணுக்குப் பெண் துணை. சாட்சி விசாரணைக்காக ஒரு பெண்ணை அவர் வீட்டை விட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பாலியல் குற்றங்களில் புகாரைப் பெண் அதிகாரி பதிய வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் இன்னும் கவனமானது. வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, பிள்ளை நம்பும் ஒருவர் அருகில் இருக்கலாம், இரவில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வழக்கு முடியும் வரை கூடவே இருக்க, குழந்தைகள் நலக் குழு ஒரு துணை நபரை நியமிக்கவும் 2020ஆம் ஆண்டு விதிகள் வழி செய்கின்றன. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100, எந்த அவசரத்துக்கும் 112. இந்த எண்களை ஒவ்வொரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுவோம்.

ஐந்து: மூன்று மாதம் கழித்தும் போவது. எல்லோரும் மறந்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு உண்மையான சிரமம் தொடங்கும். வாய்தா தேதிக்கு யார் கூடப் போவது, கடைக்கு லீவு விட்டால் அன்றைய சம்பளம் என்ன ஆகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசார் தெரிவிக்க வேண்டும், அதைக் கேட்டு நினைவூட்டலாம். குற்றத்தால் இழப்போ காயமோ அடைந்தவருக்கு அரசு இழப்பீடு தரும் திட்டம் இருக்கிறது. அதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும். குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் மனுச் செய்யலாம். விசாரித்து இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கடன் வாங்கி வைத்தியம் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ.

துணை நிற்பவர் செய்யக் கூடாதவை

சந்தேகப்படும் ஆளை நாம் விசாரிக்கக் கூடாது, பிடித்து வைக்கக் கூடாது, கை ஓங்கவே கூடாது. அவனும் மனிதன். குற்றம் நிரூபணமாகும் வரை அவன் மானமும் நமக்கு அமானிதம். கேள்விப்பட்ட செய்தியை ஆராயாமல் நம்ப வேண்டாம் என்று ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அதே அத்தியாயம் தடுக்கிறது.

நிலையத்தில் உள்ள பழக்கத்தைக் காட்டிப் பணமோ பேரமோ கொண்டு போகக் கூடாது. “இன்ஸ்பெக்டர் எனக்குத் தெரிஞ்சவர்தான்” என்ற பெருமை வந்துவிட்டால், அன்றே தொண்டிலிருந்து ஒதுங்கிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெயரை வெளியிடக் கூடாது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. “துஆ செய்யுங்கள்” என்று வாட்ஸ்அப் குரூப்பில் பெயரும் தெருவும் போட்டு அனுப்புவதும் வெளியிடுவதுதான். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூட அந்தப் பேச்சு வரக் கூடாது. கேட்ட ரகசியத்தைக் கபர் வரை கொண்டு போகத் தெரிந்தவரே இந்தத் தொண்டுக்கு உரியவர்.

நம்மவரே குற்றவாளியானால்

பாடத்தின் கடினமான பகுதி இது. வெளியார் செய்த குற்றத்துக்கு எதிராக நிற்பது எளிது. செய்தவர் நம் சொந்தக்காரர், நம் சங்க உறுப்பினர், முன் ஸஃப்பில் நிற்பவர் என்றால் நம் கால் தயங்குகிறது. “பேசித் தீர்த்துக்கலாம், வெளியே போனா நம்ம சமுதாயத்துக்குத்தான் கெட்ட பேர்” என்ற வார்த்தை வந்துவிடுகிறது.

கொடுக்கல் வாங்கல், பாகப் பிரிவினை, தம்பதியர் மனக்கசப்பு போன்றவற்றில் இரு தரப்பும் மனமொப்பி வந்தால் ஜமாஅத் பேசித் தீர்ப்பது நல்ல காரியம். ஆனால் ஒரு பிள்ளையின் மீது கை வைத்தவனையும், ஒரு பெண்ணைச் சீரழித்தவனையும் பஞ்சாயத்துப் பேசி அனுப்ப நமக்கு உரிமை இல்லை. சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்கள் எவை என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது, இவை அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தால் போக்சோ சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. மறைத்தவர் முத்தவல்லியாக இருந்தாலும், உறவினராக இருந்தாலும் இதுவே சட்டம்.

மார்க்கமும் இதையே சொல்கிறது. நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராகப் போனாலும் நீதிக்காக உறுதியாக நின்று சாட்சி சொல்லும்படி நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மக்ஸூம் குலத்தைச் சேர்ந்த ஒரு பெண் திருடியபோது, பெரிய குலம் என்று உஸாமா (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் கோபப்பட்டு, செல்வாக்கு உள்ளவரை விட்டுவிட்டு எளியவரை மட்டும் தண்டித்ததால்தான் முன்னிருந்தவர்கள் அழிந்தார்கள் என்று எச்சரித்தார்கள். தம் மகள் ஃபாத்திமாவே ஆனாலும் இதே சட்டம்தான் என்றார்கள்.

“பிறர் குறையை மறைக்கச் சொல்லித்தானே மார்க்கம் சொல்கிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் தனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் செய்த தவறை மறைப்பது நற்செயல். இன்னொருவருக்கு இழைத்த அநீதியை மறைப்பது அந்த அநீதியில் பங்கு. மன்னிக்கும் உரிமையும் பாதிக்கப்பட்டவருக்கே உண்டு. அவர் சார்பில் நாம் மன்னித்துவிட முடியாது. அவர் வாயை அடைத்து வாங்கிய மன்னிப்பு மன்னிப்பே அல்ல.

நம் மாவட்டமே இதற்கு ஒரு சாட்சி. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் கொல்லப்பட்டார். பெண்கள் பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. அதன்படி, தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற பெண்கள் சக தொழிலாளியின் புகாரைக் கேட்டு, கூட நின்று, பழிவாங்கல் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். உலகம் பேசும் அளவுக்கு நம் ஊர்ப் பெயரைக் கொண்டு சென்ற பெண்கள் அவர்கள். மூடி மறைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

இனி நாம்

பேகம்பூரிலும் நாகல் நகரிலும் நத்தத்திலும் வத்தலக்குண்டிலும், மஹல்லாவுக்கு இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் போதும், தொடங்கிவிடலாம். முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பயிற்சிக்கு விண்ணப்பிப்போம். எப்போதும் இருவராகவே போவோம். பஸ் செலவுக்கும் நகல் எடுக்கும் செலவுக்கும் ஸதகாவிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்குவோம். எந்தக் குடும்பத்துக்கு உதவினோம் என்பதை இந்த இதழில் கூட எழுத மாட்டோம்.

வீட்டில் உட்கார்ந்து பேச நான்கு கேள்விகள்:

1. நம் பிள்ளைக்கு ஒரு தீங்கு நடந்தால் முதலில் நம்மிடம் சொல்லும் தைரியம் அதற்கு இருக்கிறதா? இல்லையென்றால் நம்மிடம் எது தடை?

2. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டும் நாம் டி.வி. சத்தத்தைக் கூட்டிய நாள் உண்டா?

3. ஹில்ஃபுல் ஃபுளூலில் சேர்ந்தவர்கள் ஊரில் பலம் மிக்க ஒருவரை எதிர்த்து நின்றார்கள். நம் ஊரில் அப்படிப்பட்டவர் தவறு செய்தால் நாம் எந்தப் பக்கம்?

4. ஒரு ரகசியத்தைக் கேட்டால் எத்தனை பேரிடம் சொல்லாமல் நம்மால் இருக்க முடியும்?

அநீதிக்கு ஆளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று நாம் நம்புகிறோம். அந்த துஆ நமக்கு எதிராக எழாமல் இருக்கவும், நம் பெயரும் அதில் நன்மையாக நினைக்கப்படவும் அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.